ஷீலாவின் சர்வீஸ்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை நாடி 78. ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. ராத்திரி இட்லி மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் பசை. துடைத்துவிட்டுக் கிளம்புவதற்குள் பஸ் போச்சு.

சாயங்காலம் கோர்ட் வாசலில் நோட்டீஸ். சுதந்திர தின ஷட்டில் போட்டி, பெண்கள் இரட்டையர், எட்டு ஜோடி. கோர்ட் நடத்துகிற குமார் சார் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறார். வருஷா வருஷம் அதே மூன்று விதி:

1. ஷூ இல்லாமல் கோர்ட்டில் கால் வைக்கக் கூடாது.
2. சர்வீஸ் போடும்போது பந்து இடுப்புக்கு மேலே இருந்தால் ஃபால்ட்.
3. தோற்ற ஜோடிதான் அடுத்த மேட்சுக்கு அம்பயர் (ஃபைனலுக்கு மட்டும் குமார்). ஒருத்தர் நாற்காலி, ஒருத்தர் ஸ்கோர் போர்டு. வீட்டுக்கு ஓடினால் அடுத்த வருஷம் சேர்க்கமாட்டோம்.

முதல் விதிக்கும் மூன்றாம் விதிக்கும் மரியாதை உண்டு. இரண்டாவது சும்மா அலங்காரம். ராஜகீழ்ப்பாக்கத்தில் இந்தத் தகரக் கொட்டகை போட்ட நாளிலிருந்து யாரும் யாருக்கும் சர்வீஸ் ஃபால்ட் கொடுத்ததில்லை. கொடுத்தால் சண்டை. மறுநாள் அதே முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

பட்டியலில் முதல் பெயர் ஷீலா – ப்ரியா. ஆறு வருஷம் அதே இடத்தில் ஷீலா – ஜெஸி என்று இருந்தது. ஜெஸி நான்.

கீழே எழுதினேன்: ஜெஸி – நித்யா. பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

நாடி 82. தூக்கம் சரியில்லை.

ஜூன் மாத மெசேஜை மறுபடி படித்தேன். படிக்கக் கூடாது என்று நேற்றுதான் முடிவெடுத்தேன். அறுபத்து நாலு பேர் இருக்கிற கோர்ட் குரூப். காலை 6.10. ஷீலா எழுதியது அப்படியே: "இனி நான் ப்ரியாவோட ஆடப் போறேன். ஜெஸிக்குக் கை இருக்கு, மனசுல அமைதி இல்லை. டபுள்ஸுக்கு அது ரொம்ப முக்கியம். அவளுக்கு என் வாழ்த்துகள்."

வாழ்த்துகளாம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்னோடு ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தவள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கட்டைவிரல் போட்டவர்கள் பதினோரு பேர். பட்டியல் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. குமார் சார், பல் டாக்டர், மாடி வீட்டு உஷா. உஷாவின் மாமியாருக்கு மூச்சுத் திணறியபோது ஈ.சி.ஜி. மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே ஓடியவள் நான். இருக்கட்டும்.

என் வேலை ஈ.சி.ஜி. எடுப்பது. வேளச்சேரி ரோட்டில் ஒரு டாக்டரின் கிளினிக். தினமும் இருபது பேரைப் படுக்க வைத்து, நெஞ்சில் ஜெல் தடவி, கை காலில் கிளிப் மாட்டி, "தளர்வா இருங்க, ஒண்ணும் இல்ல, அமைதியா மூச்சு விடுங்க" என்று சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். எனக்கு அமைதி இல்லையாம்.

இன்று மருந்துக் கடையில் எதிரே வந்தாள். "நல்லா இருக்கீங்களா ஜெஸி?" ஆறு வருஷம் வாடி போடி. இப்போது நீங்க. அந்த 'ங்க'வுக்கே ஒரு அறை விடலாம். சிரித்தேன். கொசுவத்தி வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாடி 80. கிளினிக்கில் ஒரே கூட்டம்.

ஒரு பெரியவர், ரிட்டயர்டு ரயில்வே. கண் ஆபரேஷனுக்கு முன்னால் ஈ.சி.ஜி. வேண்டுமாம். துடிப்பு 104. மறுபடி எடுத்தேன், 108. தளர்வாக இருங்க என்று நாலு தடவை சொன்னேன். அதற்கு அவர்: "நீ அங்க நின்னு பாத்துக்கினே இருந்தா எனக்குப் படபடங்குதும்மா. கொஞ்சம் அப்பால திரும்பிக்கிறியா?"

நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பதாம்? திரும்பவில்லை. மூன்றாவது தடவை 110. டாக்டர் அவரை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் நித்யாவோடு பயிற்சி. திருநீர்மலைக்காரி, வயது இருபத்தொன்பது, கம்பெனி வேலை. மலைப்படி ஏறி ஏறிக் கால் நல்ல உரம். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். இன்று மூன்று சுலபமான பந்தை விட்டாள். மூன்றாவதற்குச் சிரிக்கவில்லை.

"அக்கா, நான் தப்பு பண்ணா திட்டிடுங்க. பார்க்க மட்டும் பார்க்காதீங்க."

வேடிக்கை. நான் வாயே திறக்கவில்லை. ஜோடியைத் திட்டுகிற பழக்கமே எனக்கில்லை. ஷீலாவை ஆறு வருஷத்தில் ஒரு சொல் சொல்லியிருப்பேனா? யாராவது வந்து சொல்லட்டும்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோக்காரர், "இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாரி கீது" என்றார். தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாடி 76. புழுக்கம். சர்ச்சில் நாலு ஃபேன் ஓடவில்லை.

மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம். நல்ல பிரசங்கம். ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் ஷீ.யின் பலவீனங்களை எழுதினேன்.

– உயரமாக வரும் பேக்ஹேண்ட். தோள் போகாது.
– இடது முழங்கால். டாக்டரிடம் கூட்டிப் போனதே நான்தான்.
– இருபது பாயிண்ட் தாண்டினால் தண்ணீர் தண்ணீர் என்பாள்.
– சர்வீஸ்.

சர்வீஸை எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதினேன். ஊரே அவளைப் புகழ்வது அந்தச் சர்வீஸுக்குத்தான். வலையை உரசுகிற மாதிரி தட்டையாகப் போய் எதிராளி காலடியில் விழும். யாராலும் எடுத்து அடிக்க முடியாது. ஏன் முடியாது என்று எனக்கு மட்டும் தெரியும். அவள் பந்தை இடுப்புக்குக் கீழே அடிப்பதில்லை. விலா எலும்பு உயரத்தில் அடிக்கிறாள். தொளதொள டீ-ஷர்ட், மின்னல் வேகம், எதிரில் நிற்பவர்களுக்குத் தெரியாது. ஆறு வருஷம் பின்னால் நின்ற எனக்கு அவள் முழங்கை எழும்புவது அப்பட்டமாகத் தெரியும்.

அவளுக்கும் தெரியும். ஒரு தடவை கேட்டாள், கொஞ்சம் மேலே போகுதோடி என்று. யார் பார்க்கப் போறாங்க, போடு என்றேன். எங்கள் வீட்டு ஷோகேஸில் நிற்கிற நாலு கோப்பையும் அந்தச் சர்வீஸில் வந்ததுதான்.

குமார் சாரிடம் போட்டுக் கொடுக்கலாமா? சீ. கோள்மூட்டி என்று பெயர் வரும், ஷோகேஸும் நாறும். நேராக, ஃபைனலில், எதிரே நின்று தோற்கடிக்க வேண்டும். பதினோரு கட்டைவிரலும் பார்க்க வேண்டும். கை குலுக்கும்போது சொல்ல வேண்டியது தயார்: "மனசு அமைதியா இருந்துச்சு, அதான் ஜெயிச்சேன் ஷீலா." கண்ணாடி முன் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது நன்றாக வந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, யாரிடம் பேசுகிறாய் என்றார். மட்டன் வெந்துவிட்டதா பாருங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாடி 74. இறங்குகிறது.

சீட்டுக் குலுக்கியாகிவிட்டது. நாங்கள் ஒரு பக்கம், ஷீ. மறுபக்கம். ஃபைனலில்தான் சந்திக்க முடியும். நான் கேட்டதும் அதுதான். எங்கள் அரையிறுதி முதலில், உடனே அவர்களுடையது.

அமைதிப் பயிற்சி, ஐந்தாம் நாள். செய்தவை:

– நாலு எண்ணி மூச்சை இழு, நாலு எண்ணி நிறுத்து, நாலு எண்ணி விடு. வீடியோவில் ஒரு வில்வித்தைக்காரி சொல்லித் தந்தாள். பயிற்சி முடிந்ததும் நாடி 68.
– காப்பி ஒரு வேளைதான்.
– குரூப்பை மியூட்.
– 'நடந்தது முடிந்தது, அடுத்த பந்து' என்று நூறு தடவை மனதுக்குள்.

பிறகு சோதனைக்காக ஷீ.யின் 'நல்லா இருக்கீங்களா'வை நினைத்துப் பார்த்தேன். 90. இன்னும் வேலை இருக்கிறது.

விளையாட்டில் கோபம் கையை இறுக்கும், இறுகிய கையில் பந்து சொன்ன இடத்துக்குப் போகாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் இந்த மூச்செல்லாம். அவளை நசுக்குவதற்காக நான் அமைதியாகிறேன். ஞானம் பெறுவதற்காக இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாடி 72. மத்தியானம் ஒரு மணி நேரம் செம மழை. கிளினிக் வாசலில் கணுக்கால் தண்ணீர்.

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ப்ரியா. ஷீ.யின் புது ஜோடி. பொத்தேரி காலேஜ், ஹாஸ்டல். நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றாள். பேசாமல் போய்விடத்தான் பார்த்தேன். அதுவே ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டது. "ஷீலா அக்கா உங்களப் பத்தியே பேசுவாங்க அக்கா. வலைகிட்ட ஜெஸி மாதிரி யாரும் ஆட முடியாதுன்னு."

எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வந்தேன். நாளைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

ஷூ துடைத்தாச்சு. கிரிப் மாற்றியாச்சு. நீலச் சட்டை. நாளை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலை நாடி 70. இப்போது, எழுதும்போது, எடுக்கவில்லை.

வரிசையாக எழுதுகிறேன்.

கொடியேற்றம், மிட்டாய். போட்டி பத்து மணிக்கு. ஒரே கேம், முப்பது பாயிண்ட். முதல் சுற்றை 30–17 என்று முடித்தோம். மூச்சு, எண்ணிக்கை எல்லாம் கச்சிதம். நித்யா பறந்தாள்.

அரையிறுதியில் மேடவாக்கத்து அக்கா தங்கை. 24–18 என்று நாங்கள் முன்னால். அப்போதுதான் ஷீ. வந்து கோர்ட் ஓரம் உட்கார்ந்தாள், அடுத்த மேட்ச் அவளுடையது என்பதால். மிட்டாயைச் சப்பிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு. அவ்வளவுதான் செய்தாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. மெல்லத் தட்ட வேண்டிய பந்தையெல்லாம் அவளுக்குக் காட்டுவதற்காக ஓங்கி அடித்தேன். ஒன்று வெளியே. ஒன்று வலையில். ஒவ்வொரு அடிக்கும் அவள் முகத்தை ஒரு பார்வை. நித்யாவும் தடுமாறினாள். 30–27, அவர்களுக்கு.

எட்டு நாள் மூச்சுப் பயிற்சி ஒரு மிட்டாய்க்குப் போச்சு. மட்டையை வீசாமல் இருந்ததே பெரிய விஷயம்.

பையை எடுத்துக்கொண்டு திரும்பினால் குமார் சார். தோற்றவங்கதான் அம்பயர், ஏறும்மா என்றார். அப்போதுதான் உறைத்தது. அடுத்த மேட்ச் ஷீலா – ப்ரியா, எதிரே பல்லாவரத்து பேங்க் ஜோடி. நாற்காலியில் நான்.

ஷீ.யின் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போயிற்று. குமார் சாருக்கே தர்மசங்கடம், வேறு யாரையாவது போடலாமா என்று இழுத்தார். அவள்தான் மறுத்தாள். "பரவாயில்ல சார். ஜெஸி பார்க்கட்டும். அவங்களுக்கு ரூல்ஸ் எல்லாம் தெரியும்."

அவங்களுக்கு. சரி.

எங்கள் அம்பயர் நாற்காலி என்பது பழைய இரும்பு மேஜைமேல் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி. ஏறினால் ஆடும். அங்கிருந்து பார்த்தால் சர்வீஸ் போடுகிறவரின் இடுப்பும் கையும் தட்டில் வைத்த மாதிரி தெரியும். நித்யா ஸ்கோர் போர்டில்.

முதல் சர்வீஸ் ஷீ. பந்தைப் பிடித்தாள். அண்ணாந்து என்னைப் பார்த்தாள். போட்டாள். வழக்கம்போல விலா உயரம். அப்பட்டமான ஃபால்ட். 'ஃபால்ட்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

விழுங்கினேன். இரக்கத்தால் இல்லை, எழுதி வைக்கிறேன். ஃபால்ட் சொன்னால் அவளுக்கு ஒரு பாயிண்ட்தான் போகும். சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் போகும். ஆறு வருஷம் பழகியவளுக்குத் தெரியாதா அவளை எங்கே தொட்டால் வலிக்கும் என்று.

எனவே பார்த்தேன். பந்தை இல்லை, முகத்தை இல்லை. அவள் இடுப்பை மட்டும்.

இரண்டாவது சர்வீஸுக்கு முன்னால் டீ-ஷர்ட்டைக் கீழே இழுத்துவிட்டாள். புரிந்துவிட்டது. கையைத் தாழ்த்திப் போட்டாள். வலை. அடுத்த முறை வந்தபோது வலையைத் தாண்டட்டும் என்று தூக்கினாள், பேங்க்காரி ஓங்கி அறைந்தாள். அதற்கடுத்தது மறுபடி வலை. நான் ஸ்கோர் சொன்னேன். நல்ல தெளிவான குரலில்.

நடுவில் இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். 64. இத்தனை நாளில் வராத எண். கை லேசாக, தோள் லேசாக, மூச்சு தானாக. அவள் கேட்ட அமைதி இதுதானே. வந்துவிட்டது, வாங்கிக்கொள்ளட்டும்.

ஊரிலேயே பதற்றப்படாதவள் என்று பெயர் வாங்கியவள் பதறினாள். சர்வீஸ் போனதும் பேக்ஹேண்ட் போனது. பேக்ஹேண்ட் போனதும் கால் போனது. ப்ரியா, என்னக்கா ஆச்சு, என்னக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. 18–25இல் ஷீ. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். குமார் சார், போடும்மா ஷீலா என்றார். போட்டாள். வலை.

கணக்கு வைத்திருந்தேன். வலையில் மட்டும் ஏழு. நான் கொடுத்த ஃபால்ட், பூஜ்யம். 30–19. பல் டாக்டர், உஷா எல்லாரும் பார்த்தார்கள்.

நல்லா வேணும் என்று நினைத்தேன். இனிப்பாக இருந்தது. பொய் சொல்வானேன்.

முடிந்ததும் எல்லாரும் அம்பயருக்குக் கை கொடுக்க வேண்டும். அது வழக்கம். பேங்க் ஜோடி கொடுத்தது, ப்ரியா கொடுத்தது. கடைசியில் ஷீ. மேஜையிலிருந்து இறங்கி நின்றேன். தயார் செய்த வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் கை ஈரமாக, ஜில்லென்று. விடவில்லை.

"ஃபால்ட் குடுத்திருக்கலாம்லடி. குடுத்திருந்தா நிம்மதியா ஆடியிருப்பேன்."

குரலை ரொம்பத் தாழ்த்தினாள்.

"ஆறு வருஷத்துல நீ ஒரு வார்த்தை திட்டினதில்ல. நான் ஒவ்வொரு பந்து விடும்போதும் திரும்பி இப்படித்தான் பார்ப்ப. அப்ப பக்கத்துல நின்னு பார்த்த, இன்னிக்கு மேல உட்கார்ந்து பார்த்த. அவ்வளவுதான் வித்தியாசம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உன் மனசுல அமைதி இல்லன்னு குரூப்ல போட்டேன். பொய். உன்கூட நின்னா எனக்குத்தான் அமைதி இல்ல. அத எழுத வெக்கமா இருந்துச்சு."

கையை விட்டாள். பையை மாட்டிக்கொண்டு, இடது காலை லேசாக இழுத்துக்கொண்டு போனாள்.

என் வாக்கியம் வாயிலேயே இருந்தது.

நித்யா பக்கத்திலேயே ஸ்கோர் போர்டைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ப்ரியா குடையைத் திருப்பித் தந்தது. காயவைத்து மடித்து ரப்பர் பேண்ட் போட்டு.

ஆகஸ்ட் 16, சனி

நாடி 84. மேகம். சப்பாத்தி, நேற்றைய குருமா.

வருத்தம் இல்லை. எழுதி வைக்கிறேன், வருத்தம் இல்லை. என்ன இருந்தாலும் குரூப்பில் போட்டிருக்க வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று யோசித்தேன். யோசிக்க வேண்டாம் என்று விட்டேன்.

'டி' போட்டாள். இரண்டு மாதம் கழித்து.

கடைசிப் பக்கத்துப் பட்டியலைக் கிழிக்கவில்லை. அதில் உஷா மட்டும் அடித்தாச்சு. நேற்று மாமியாருக்கென்று மிட்டாய் எடுத்துப் போனாள், பாவம்.

நித்யாவிடமிருந்து மெசேஜ் இல்லை. சனிக்கிழமை காலையில் வழக்கமாக அவள்தான் முதலில் அனுப்புவாள்.

கிளினிக்கில் பதினொரு மணிக்கு அந்த ரயில்வே பெரியவர். இன்றும் சரியாக வராவிட்டால் கண் ஆபரேஷன் தள்ளிப் போகுமாம், பேரனுக்கு அடுத்த வாரம் பரீட்சையாம், கூட இருக்க ஆள் இல்லையாம். படுத்தார். ஜெல், கிளிப். துடிப்பு 106. என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. போன வாரம் கேட்டுப் பார்த்தவர்தானே.

திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன். காலண்டர். கீழே ஒரு பல்லி. பின்னால் பெரியவரின் மூச்சு மெல்ல மெல்ல நீளமாயிற்று. பட்டனை அழுத்த மட்டும் கையைப் பின்னால் நீட்டினேன். தாள் கரகரவென்று வந்தது. கிழித்துப் பார்த்தேன்.

76.

"எப்படிம்மா கீது?" என்றார்.

"நல்லா இருக்கு. எல்லாம் நல்லா இருக்கு" என்றேன், திரும்பாமலே.